விளங்கா ஒளியா, விளக்கம் காணாத ஒளியா?

திங்கள், காலை

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வியாழன் மாலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பை அனுப்பியாக வேண்டும். சிறுவர் அறிவியல் நூலில் ஓர் அத்தியாயம். 1980 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ரெண்டில்ஷம் காட்டில், அமெரிக்க விமானப்படையினர் இரவில் கண்ட வெளிச்சங்களைப் பற்றியது. பக்கத்திலிருந்த அவர்கள் தளத்தின் துணைத் தளபதி லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஹால்ட் ஆட்களோடு தானே காட்டுக்குள் போய், கையில் ஒலிப்பதிவுக் கருவியோடு, பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே தேடியிருக்கிறார். 1981 ஜனவரி 13 தேதியிட்டு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு குறிப்பாணை எழுதினார். தலைப்பு இரண்டே சொல்: 'அன்எக்ஸ்பிளெய்ன்ட் லைட்ஸ்'.

அந்த இரண்டு சொல்லில்தான் மூன்று நாளாக நிற்கிறேன். 'மர்ம ஒளிகள்' என்றால் பேய்க்கதை வாடை அடிக்கிறது. 'அடையாளம் தெரியாத' என்பதை யூஎஃப்ஓவுக்கு (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்) கொடுத்துவிட்டேன். கை கொடுங்கள்.

— மொழிபெயர்ப்பவள்

திங்கள், காலை, சற்று நேரத்தில்

அம்மா, இதற்கா மூன்று நாள்? 'விளங்கா ஒளி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; சுருக்கம், செறிவு. 'மர்மம்' வடசொல், நீங்கள் தவிர்த்தது நன்று.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

திங்கள், பகல்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். விளங்குதல் என்றால் ஒளிர்தலும்தானே? 'விளங்கா ஒளி' என்றால் வெளிச்சம் தராத வெளிச்சம் என்று ஆகிவிடும். பேச்சுவழக்கில் 'வெளங்காத' என்று யாரைத் திட்டுவோம் என்பதையும் யோசியுங்கள். பத்து வயதுப் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கும்.

'விளக்கப்படாத ஒளிகள்' போதும். அரசுக் கோப்பு, அரசு நடை.

— மென்பொருள் தமிழாக்கக்காரன்

திங்கள், மாலை

தம்பி, அந்தச் 'செயப்பாட்டு' மோகம் ஆங்கிலம் படித்ததால் வந்தது. உண்ட சோறு என்கிறோம், உண்ணப்பட்ட சோறு என்கிறோமா? 'செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்று தொல்காப்பியர் என்றோ வழிவிட்டுவிட்டார்.

இன்னொன்று. 'ஒளி' என்ற சொல்லையே பாருங்கள். பெயராக நின்றால் வெளிச்சம். வினையாக நின்றால் மறைந்துகொள். காட்டுவதும் மறைப்பதும் ஒரே சொல்லில். அதனால் என் துணிபு, வெறும் 'ஒளி' என்றாலே பாதி விளங்காததுதான். 'விள்' என்னும் வேர் பிளத்தல், வெளிப்படுதல், மலர்தல் என விரிந்து விளக்கு, விளக்கம், விளங்கு என்றெல்லாம் கிளைத்தது. 'வெள்' வேறு வேர் என்பாரும் உளர், நான் ஒன்றென்பேன். இதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

(தனி மடல்கள் நான்கு வந்தன. இங்கே சேர்க்கவில்லை. — மட்டுறுத்துநர்)

செவ்வாய், காலை

ஐயாவின் வேர்கள் நமக்கு ஓரிடத்தில் உண்மையாகவே பயன்படும், அவர் நினைத்த இடத்தில் அல்ல.

ரெண்டில்ஷம் காட்டுக்குக் கிழக்கே சுமார் 8 கிலோமீட்டரில், கடலோரம், ஆர்ஃபோர்ட் நெஸ் கலங்கரை விளக்கம் இருந்தது. 5 விநாடிக்கு ஒருமுறை மின்னும். ஹால்டின் ஒலிநாடாவில், வெளிச்சம் மறுபடி தெரிகிறது என்று சொல்லும் குரல்களுக்கு இடையேயும் ஏறத்தாழ அதே 5 விநாடி. முதல் இரவு நிகழ்ச்சி தொடங்கிய அதிகாலை 3 மணியளவில் தென் இங்கிலாந்தில் பிரகாசமான எரிமீன் ஒன்றையும் பலர் பார்த்திருக்கிறார்கள். வானியல் எழுத்தாளர் இயன் ரிட்பாத் இவற்றையெல்லாம் சேர்த்துக் காட்டினார். ஹால்ட் இதை ஏற்கவே இல்லை. கலங்கரை விளக்கத்தைத் தனியாகவும் பார்த்தோம், அது வேறு இது வேறு என்பது அவர் பக்கம்.

ஆக, விளக்கமில்லா ஒளிக்குச் சொல்லப்பட்ட விளக்கம் ஒரு விளக்கம். இதை வேறெந்த மொழியிலும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பவர் எங்காவது நுழைத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— வானியல் பாடம் எடுப்பவள்

செவ்வாய், பகல்

ஆகா! 'கலங்கரை' என்பதைக் கலம் + கரை என்று பிரித்துக் கடற்கரை என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை. கரைதல் என்றால் கூவி அழைத்தல். காகம் கரைகிறதே, அது. பெரும்பாணாற்றுப்படை 'இரவில் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி, உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும் துறை' என்கிறது. கலங்களைக் கூவி அழைக்கும் சுடர். அந்தப் படையினரையும் அது அப்படித்தான் காட்டுக்குள் கூவி அழைத்திருக்கிறது.

விண்ணில் கண்டதைப் பதிவு செய்வது எப்படி என்பதற்குப் புறநானூறு 229ஐப் பார்க்கட்டும் அந்தக் கர்னல். பங்குனி மாதம், அரையிரவு, எந்த மீன் எங்கே நின்றது என எல்லாம் சொல்லிவிட்டுத்தான் 'ஒருமீன் விழுந்தன்றால் விசும்பினானே' என்கிறார் கூடலூர் கிழார். ஏழாம் நாள் அரசன் இறந்தான் என்பது வேறு விஷயம்.

— தமிழாசிரியன்

செவ்வாய், சிறிது நேரத்தில்

ஐயா சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் குறி தப்பவில்லை. ஹால்டின் குறிப்பாணையில் தேதியே பிசகு. 26ஆம் தேதி அதிகாலை நடந்ததை 27 என்று எழுதியிருக்கிறார். பின்னால் காவல்துறைப் பதிவுகளைத் தேடியவர்களுக்கு அதனாலேயே குழப்பம். கிழார் வென்றார்.

— வானியல்

செவ்வாய், இரவு

எல்லாரும் சொல்லைவிட்டு எங்கோ போய்விட்டோம். நானும் கொஞ்சம் போகிறேன்.

1947இல் கென்னத் ஆர்னல்ட் என்ற விமானி ரெய்னியர் மலையருகே 9 பொருள்களைக் கண்டார். நீர்மேல் எறிந்த தட்டு தத்திப்போவதுபோல் போயின என்று அவர் சொன்னது அவற்றின் போக்கை. பத்திரிகைகள் அதை வடிவமாக்கின. 'பறக்கும் தட்டு' பிறந்தது. அதன்பின் உலகமெல்லாம் தட்டாகவே பார்த்தது. சொல் முந்திக்கொண்டால் கண் அதன் பின்னால் போகும். அமெரிக்க விமானப்படையில் இத்தகைய காட்சிகளைப் பற்றிய விசாரணையை நடத்திய எட்வர்ட் ரப்பெல்ட், தட்டு என்ற சொல்லே வேண்டாம் என்றுதான் யூஎஃப்ஓவைப் புகுத்தினார். அதற்கும் இப்போது வேற்றுக்கிரகவாசி என்றே பொருள் ஏறிவிட்டது. அதனால் யூஏபி, 'அடையாளம் தெரியாத வான் நிகழ்வுகள்'. அதில் 'ஏ' முதலில் வான் சார்ந்தது என்று இருந்தது. 2022 முடிவில் அதையும் இயல்புக்கு மாறானது என்று மாற்றிவிட்டார்கள். தெரியாததற்கு வைத்த பெயர் ஒவ்வொன்றும் தெரிந்ததுபோல் ஆகிவிடுகிறது, அடுத்த பெயர் தேட வேண்டியிருக்கிறது.

ரப்பெல்ட் தலைமையேற்ற அந்த விசாரணை, புளூ புக் திட்டம், 1969இல் மூடப்பட்டபோது பதிவான காட்சிகளின் கணக்கு 12,618. அதில் 701 மட்டுமே 'அடையாளம் தெரியாதவை'. அது கோப்பு வகை. 'அன்எக்ஸ்பிளெய்ன்ட்' கோப்பு வகை அல்ல, ஒரு மனிதர் தானே வைத்த தலைப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அவசியம். 'விளக்கப்படாத' வேண்டாம், பிள்ளைகள் 'விளக்கப்படம்' இல்லாத ஒளி என்று படிப்பார்கள்.

— பழைய பத்திரிகைக்காரன்

புதன், காலை

கொள்ளிவாய்ப் பிசாசை ஏன் யாரும் சொல்லவில்லை? சதுப்பில் எரியும் வெளிச்சத்துக்கு நம்மவர் வைத்த பெயர். 1966இல் மிச்சிகனில் தெரிந்த ஒளிகளைச் சதுப்பு வாயு என்று சொல்லி வானியலர் ஆலன் ஹைனெக் வாங்கிய கேலி கொஞ்சமா? நம் ஊர்ச் சொல் கையில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

— மென்பொருள்

புதன், பகல்

பிசாசு இருந்தால் கேலி இரட்டிப்பாகியிருக்கும்.

ராணுவம் என்பதால் நம் பக்கத்துக் கதையும் ஒன்று. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் ஓர் ஏரியின் மேல் நம் வீரர்கள் 329 முறை அறியாப் பொருள்களைக் கண்டு குறித்துவைத்தார்கள். அவற்றில் 155 முறை எல்லை தாண்டியதாகக் கணக்கு. உளவு விமானம் என்று சந்தேகம். இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரைக் கூப்பிட்டார்கள். பின்னணி விண்மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்று வெள்ளி, இன்னொன்று வியாழன். அந்த வீரர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனியில் நின்று ஆறுமாதம் ஒழுங்காக எழுதியதால்தான் விடை கிடைத்தது.

எனவே என் வாக்கு 'விளக்கம் காணாத ஒளிகள்'. காண்பவர் இருக்கிறார், காணவில்லை, அவ்வளவுதான். ஒளியின் மேல் குற்றம் இல்லை.

— வானியல்

புதன், இரவு

நாலு பேர் 'விளக்கம் காணாத', ஒருவர் 'விளங்கா', ஒருவர் கொள்ளிவாய். முதலாவதையே வைத்துக்கொள்ளலாமா? எனக்குக் கண் எரிகிறது.

— மட்டுறுத்துநர்

வியாழன், பகல்

நன்றி. 'விளக்கம் காணாத ஒளிகள்' என்றே போடுகிறேன். கலங்கரை விளக்கச் சிலேடையையும் அடிக்குறிப்பாக நுழைத்துவிட்டேன், பதிப்பாளர் வெட்டாமல் இருந்தால் சரி.

— மொழிபெயர்ப்பவள்

வியாழன், இரவு

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன். ஒரே ஒரு ஐயம். எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது, முக்காலத்துக்கும் பொது. 'காணாத' என்றால் 1981இல் ஹால்ட் காணாததா, இன்றுவரை எவரும் காணாததா, இனிமேலும் காணவே முடியாததா? மூன்றும் மூன்று கட்சி. உங்கள் தலைப்பு எந்தக் கட்சி அம்மா?

— தமிழாசிரியன்

வியாழன், இரவு

அனுப்பிவிட்டேன் ஐயா.