மில்லுக்குள் 33, வெளியே 40: எது மோசம்?

சேலம் மே மாத வெயிலைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டீர்கள். நான் நூற்பாலைக்குள் இருந்த புழுக்கத்தைச் சொல்கிறேன்.

காற்று காய்ந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பகுதியில், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிட்டி பிளான்ட் ஓடும், ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போக விடமாட்டார்கள். நூலுக்குச் சுகம்தான். மதியம் ஷிப்ட் முடிந்து வந்தால் வெளியே 40 டிகிரி. உள்ளே 33தான் இருந்திருக்கும். ஆனாலும் வெளியே வந்த பிறகுதான் 'அப்பாடா' என்றிருக்கும். நனைந்த சட்டை கேட்டைத் தாண்டுவதற்குள் காய ஆரம்பித்துவிடும்.

வியர்த்தால் மட்டும் உடம்பு குளிராது, வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் போகும். சொட்டித் தரையில் விழுந்தால் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

சுவரில் இரண்டு வெப்பமானிகள் தொங்கும். ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்றியிருக்கும், அதுதான் வெட் பல்ப். ஈரம் ஆவியாகி எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டும்; எண் ஏற ஏற வியர்வை ஆவியாவது கஷ்டம். 33 டிகிரி, 65 சதவீதம் ஈரப்பதம் என்றால் அது 27-ஐ ஒட்டிக் காட்டும். வெளியே 40 டிகிரி, 25 சதவீதம் என்றால் 24தான். இந்த வெட் பல்ப் எண் 35-ஐத் தொட்டால் யாருக்கும் உடம்பு தாங்காது என்று ஒரு கணக்கு உண்டு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022-இல் வெளியிட்டதில், ஈரக் காற்றில் அந்த எல்லை 31-ஐ ஒட்டியே வந்துவிட்டது. வயசாளிகளுக்கு இன்னும் கீழேதான்.

ஏற்காட்டுப் பக்கமிருந்து ஒரு பையன் புதிதாக வந்தான். முதல் நாளே முழு ஷிப்ட் போட்டார்கள், எனக்கு அதில் இன்னும் கோபம். மதியத்துக்குள் கெண்டைக்கால் இழுத்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், முகம் கையெல்லாம் நனைத்து விசிறி, உப்புப் போட்ட மோர் கொடுத்தோம். கொஞ்சம் தெளிந்ததும் கேட்டான்: "ஏண்ணா, எங்க ஊர்ல மூடுபனி இறங்குனா துணியே காயாது. அங்க இப்படி ஆகலையே?"

நியாயமான கேள்வி. அங்கே காற்று 20 டிகிரி. தோல் 35-ஐ ஒட்டி இருக்கும். வியர்க்காமலே சூடு காற்றுக்குப் போய்விடும். இங்கே காற்றும் தோலும் கிட்டத்தட்ட ஒரே சூடு, வியர்வையை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த வியர்வையும் பழக வேண்டும்: ஒன்றிரண்டு வாரம் போனால் சீக்கிரமே வியர்க்கும், உப்பும் குறைவாகப் போகும். மேஸ்திரி ஒருவர் சண்டை போட்டு அவனுக்கு அரை ஷிப்ட் வாங்கிக் கொடுத்தார்.

சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சாயம் காய்ச்சும் இடத்தில் எப்படித்தான் நிற்கிறீர்கள்?