சறுக்கு மெலிவா, சறுக்கிளக்கமா?

வணக்கம்.

சுழலும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே, நானோதுகள் கலந்த, நியூட்டனின் பாகுமை விதிக்கு அடங்காத பாய்மம் எப்படி ஓடுகிறது என்பதைக் கணித மாதிரியாக்கும் கட்டுரைக்கு இந்தச் சொற்களை வைத்திருக்கிறேன்:

ஷியர் தின்னிங் (பாய்மப் படலங்கள் வேகமாகச் சறுக்கச் சறுக்கப் பாகுமை குறைவது) – சறுக்கு மெலிவு
நானோஃபுளூயிட் – மீநுண்பாய்மம்
ரொட்டேட்டிங் ஃப்ளோ – சுழற்சி ஓட்டம்
ஸ்லிப் – சறுக்கல்
பவுண்டரி லேயர் – எல்லை அடுக்கு
பவர் லா – அடுக்கு விதி
கன்சிஸ்டன்சி இண்டெக்ஸ் – திண்மைக் குறியீடு

தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குறை தெரியவில்லை. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

———

ஐயா, வணக்கம்.

> தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குறை தெரியவில்லை

சிக்கலே அதில்தான். எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

முதலில் 'மெலிவு'. ஒற்றைச் சுழல்தட்டின் மேல், அடுக்கு விதியில் அடுக்கெண் 0.5 கொண்ட பாய்மம் இருக்கிறது என்று வையுங்கள். எல்லைப் படலத்தின் (நீங்கள் 'எல்லை அடுக்கு' என்பது, தட்டை ஒட்டிய மெல்லிய பாய்மப் பகுதி) தடிமன் ஆரத்தின் மூன்றாம் படி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆரம் 8 மடங்கானால் படலம் பாதியாகிவிடும். இதைத்தான் 'படலம் மெலிகிறது' என்று எழுதுவோம். அதே இடத்தில் பாய்மத்தின் பாகுமையும் குறைகிறது. உங்கள் சொல்லின்படி அதுவும் மெலிவு. 'விளிம்பை நோக்கிப் போகப் போக மெலிகிறது' என்று ஒரு வரி எழுதினால் எது மெலிகிறது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு எதிரான சொல்லாகத் 'தடிப்பு' வைத்தாலும் இதே கதைதான். 'நீர்த்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம், ஏனென்றால் இங்கே பாகுமை குறைவது செறிவு குறைவதால் அல்ல. துகள்களின் பருமப் பின்னம் என்ற அளவு சமன்பாட்டில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறது. நீர்த்தல் என்றால் படிப்பவர் அதைத்தான் நினைப்பார்.

பாய்மம் இளகுகிறது. அதனால் சறுக்கு + இளக்கம் = சறுக்கிளக்கம். எதிரானதற்குச் சறுக்கிறுக்கம். குற்றியலுகரப் புணர்ச்சி இயல்பாக விழுகிறது, சொல்லவும் எளிது. 'படலம் மெலிகிறது, பாய்மம் இளகுகிறது' என்று ஒரே வரியில் இரண்டையும் குழப்பமில்லாமல் எழுதிவிடலாம்.

'கத்தரிப்பு', 'வெட்டு' போன்ற முன்னொட்டுகள் வேண்டாம். தட்டுகளுக்கு நடுவே எதுவும் வெட்டுப்படுவதில்லை. ஒரு படலம் இன்னொன்றின்மேல் சறுக்குகிறது. பாடநூலில் சறுக்குப் பெயர்ச்சி ஏற்கெனவே இருப்பதால் சறுக்குத் தகைவு, சறுக்கு வீதம் (படலத்துக்குப் படலம் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது) என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அப்படிச் சுருக்கினால் ஸ்லிப்புக்குச் 'சறுக்கல்' ஆகாது. சுவரில் பாய்மம் ஒட்டாமல் போவதை நழுவல் என்போம். ஒட்டி நிற்கும் வழக்கமான நிலை 'நழுவா நிபந்தனை'. இந்தத் துறையில் இன்னொரு ஸ்லிப்பும் உண்டு. நானோதுகள் பாய்மங்களுக்குப் பொன்ஜோர்னோ தந்த 2006 மாதிரியில், துகள் தன்னைச் சூழ்ந்த பாய்மத்திலிருந்து விலகி ஓடும் வேகத்துக்கும் அதே ஆங்கிலச் சொல்தான். ஏழு காரணங்களை அவர் எடைபோட்டு, பிரௌனியப் பரவலும் (துகள்களின் தாறுமாறான அசைவால் பரவுவது) வெப்பப்பெயர்வும் (வெப்பநிலை வேறுபாட்டால் துகள் நகர்வது) மட்டுமே பொருட்படுத்தத் தக்கவை என்று முடித்தார். இந்த வேகத்தை 'விலகு வேகம்' என்று பிரித்துவிடுங்கள். சுவரில் நடப்பதையும் துகளுக்கு நடப்பதையும் ஒரே சொல்லால் குறித்தால், எல்லை நிபந்தனையில் போட வேண்டியதை மாணவர் செறிவுச் சமன்பாட்டில் போடுவார்.

'சுழற்சி ஓட்டம்' பாடநூலில் வரிச்சீர் ஓட்டத்துக்கு எதிர்ச்சொல். அதாவது டர்புலன்ஸ், ஒழுங்கற்ற ஓட்டம். நம் கட்டுரையோ வரிச்சீர் ஓட்டத்தைப் பற்றியது. தலைப்பே எதிர்ப்பொருள் தந்துவிடும். 'சுழல்பரப்பிடை ஓட்டம்' என்பேன். தட்டு, உருளை, கூம்பு எல்லாம் இதில் அடங்கும். எழுதும்போது 'சுழற்பரப்பு' ஆக்கிவிடாதீர்கள். சுழல்பரப்பு வினைத்தொகை, புணர்ச்சியில் திரியாது. சுழற்பரப்பு என்றால் சுழலினது பரப்பு, நீர்ச்சுழியின் மேற்பரப்பு என்று ஆகிவிடும். இங்கே இலக்கணமே இயற்பியலைக் காப்பாற்றுகிறது.

'மீநுண்பாய்மம்' படித்தால் பாய்மமே மீநுண்ணியது போலத் தோன்றும். நானோ அளவுக் குழாய்களில் பாய்வதை ஆராயும் துறை வேறு. இங்கே துகள்தான் 1 முதல் 100 நானோமீட்டர். தட்டிடை வெளி மில்லிமீட்டரில் இருக்கலாம். 'நானோதுகள் பாய்மம்' போதும்.

அடுக்கு விதி இருக்கட்டும். 'அடுக்கு' இரண்டு பொருளில் வராதிருக்க, எல்லை அடுக்கை எல்லைப் படலமாக்குங்கள்.

திண்மைக் குறியீட்டை மட்டும் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள், திண்மம் என்றால் திடப்பொருள். பாகு காய்ச்சும்போது சொல்லும் 'பதம்' என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது. பதக் கெழு. 'பாகுமை என்பது பதக் கெழுவைச் சறுக்கு வீதத்தின் (அடுக்கெண் − 1) ஆம் அடுக்கால் பெருக்கியது' என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தடை இல்லை.

———

இருவருக்கும் வணக்கம்.

சறுக்கிளக்கத்தில் எனக்கு ஒரு தயக்கம். இளகுவது என்றதும் மெழுகுதான் நினைவுக்கு வரும், அது சூட்டால் இளகுவது. நானோதுகள் மாதிரிகளில் வெப்பச் சமன்பாடும் கூடவே வருகிறதே, குழப்பாதா?

இன்னொன்று: தொடர்ந்து கலக்கிக்கொண்டிருந்தால் நேரம் ஆக ஆக இளகும் பாய்மங்களும் உண்டு. அவற்றுக்கு என்ன சொல்?

பாகியல் என்ற பாடநூல் சொல்லை விட்டுப் பாகுமை என்று எழுதுவது நல்லதுதான். பாகியல் ஏதோ ஒரு துறையின் பெயர்போல ஒலிக்கும். இலங்கையில் புழங்கும் பிசுக்குமையில் அந்தக் குறை இல்லை, ஆனால் பிசுக்கு என்றால் கையில் ஒட்டுவது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

———

வணக்கம்.

> இளகுவது என்றதும் மெழுகுதான் நினைவுக்கு வரும்

அதனால்தான் முன்னொட்டை விடக்கூடாது. சறுக்கிளக்கம், வெப்ப இளக்கம், நேர இளக்கம். விளைவு ஒன்று, காரணம் மூன்று, சொல்லும் அப்படியே நிற்கட்டும். ஆய்வகத்தில் நடக்கும் பிழையே இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணுவதுதான். தட்டின் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும்போது உராய்வில் பாய்மம் சூடாகும். வெப்பத்தால் இளகியதைச் சறுக்கால் இளகியதாகக் கணக்கில் எழுதிவிடுவார்கள், அடுக்கெண் உண்மையைவிடக் குறைவாக வந்து நிற்கும். வேகத்தை ஏற்றி, பிறகு அதே படிகளில் இறக்கிப் பாருங்கள். இறங்கும் வரைகோடு ஏறிய கோட்டுக்குக் கீழே விழுந்தால், சூடோ நேர இளக்கமோ உள்ளே புகுந்திருக்கிறது.

மாதிரியிலும் ஓர் ஓட்டை உண்டு, சொல்லில் அதையும் பார்க்க வேண்டும். தட்டிடை வெளி 1 மில்லிமீட்டர், ஒரு தட்டு நிலையாக இருக்க மற்றது வினாடிக்கு 10 ரேடியன் சுழல்கிறது என்றால், 5 சென்டிமீட்டர் ஆரத்தில் சறுக்கு வீதம் வினாடிக்குச் சுமார் 500, 1 சென்டிமீட்டரில் 100, அச்சில் சுழி. அடுக்கெண் 0.5 ஆனால் 1 சென்டிமீட்டரில் உள்ள பாகுமை விளிம்பில் உள்ளதைப்போல 2.24 மடங்கு. அச்சிலோ அடுக்கு விதி முடிவிலி என்கிறது. கணினி நிரல் அங்கேதான் உடையும். அடுக்கு விதியை விட்டுப் பாகுமைக்கான கரோ மாதிரிக்கு மாறினால் இரண்டு வரம்புப் பாகுமைகள் கிடைக்கும். சறுக்கு வீதம் சுழியாகும்போது உள்ளதை 'ஓய்நிலைப் பாகுமை' என்போம். சறுக்கு வீதம் மிக உயரும் மறுமுனைக்கு 'எல்லைநிலை' சரிவராது, எல்லைப் படலத்தோடு முட்டும். 'உச்சநிலைப் பாகுமை' என்றால் பாகுமை உச்சத்தில் இருப்பதாகப் பொருள்படும். அங்கே அது மிகக் குறைவு. 'உச்சவீதப் பாகுமை' என்று வைத்தால் உச்சம் வீதத்துக்குப் போய்விடும்.

விடுபட்டது ஒன்று. சுழல்தட்டு ஓட்டத்துக்கு வான் கார்மன் 1921இல் செய்த மாற்றம் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைச் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளாகக் குறைக்கிறது. வடிவொத்த முக்கோணங்களை ஒட்டி அதை 'வடிவொப்பு மாற்றம்' என்கிறேன். நியூட்டனியப் பாய்மத்துக்கு அது துல்லியம். தட்டிடை வெளி மாறாதிருக்க, அடுக்கெண் 1 அல்லாத பாய்மத்தைப் போட்டால் ஆரம் சமன்பாட்டைவிட்டுப் போகாது, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு மாறிலிபோல எடுத்துத் தீர்த்துவிட்டு 'வடிவொப்புத் தீர்வு' என்று பெயர் போடுவது தவறு. அதற்கு 'ஓரிட வடிவொப்பு' என்று எழுதுங்கள். எந்த ஆரத்துக்கான தீர்வு என்பதை ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் குறிப்பிடுங்கள்.