இசைத்தட்டும் சி.டி.யும் கேசட்டும் இன்னும் ஏன் வாங்குகிறோம்? உறுப்பினர்களின் அனுபவங்கள்

மந்தைவெளியிலிருந்து ஓர் உறுப்பினர்

மிருதங்கம் வாசித்தவர் யார் என்று தெரிந்துகொள்வதற்காகவே நான் ஓர் எல்.பி. (நீண்ட நேரம் ஒலிக்கும் வைனைல்) இசைத்தட்டை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் மிருதங்கம் பயிலும் ஒரு மாணவர், 1960களில் வெளிவந்த ஒரு வாய்ப்பாட்டுப் பதிவின் இணைப்பை எனக்கு அனுப்பி, இந்தத் தனி ஆவர்த்தனம் (பாட்டின் இடையே தாளக் கருவி மட்டும் தனித்து வாசிக்கும் பகுதி) யாருடையது என்று கேட்டிருந்தார். அந்த இசைச் செயலியில் பாடகரின் பெயரும் கிருதியின் பெயரும் மட்டுமே இருந்தன. கீழே கருத்துரைத்தவர்களில் ஒருவர் பாலக்காடு மணி ஐயர் என்று அடித்துச் சொன்னார். இன்னொருவர் பழநி சுப்பிரமணிய பிள்ளையைத் தவிர வேறு யாராகவும் இருக்க முடியாது என்றார். இருவருடைய வாசிப்பும் எவ்வளவு வேறானது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த விவாதம் எந்த அளவுக்கு ஊகத்தில் நடந்தது என்பது புரியும்.

சில வாரங்கள் தேடிய பிறகு, திருவல்லிக்கேணியில் பழைய தட்டுகள் விற்கும் ஒருவரிடம் அந்த எல்.பி. கிடைத்தது. முன்னட்டையின் வண்ணம் வெளிறிப்போயிருந்தாலும், பின்னட்டையின் சிறிய எழுத்துகளில் எல்லாமே இருந்தன. ஒவ்வோர் உருப்படிக்கும் இராகம், தாளம், இயற்றியவர் ஆகியவையும், வயலின், மிருதங்கம், கஞ்சிரா வாசித்த மூவரின் முழுப்பெயர்களும், பாடகரின் குருபரம்பரையைப் பற்றிய இரண்டு பத்திகளும் அச்சாகியிருந்தன. மிருதங்கக் கலைஞர், கருத்துரைத்தவர்களில் எவருமே சொல்லாத மூன்றாமவர். இன்று அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகவும் குறைவு. அந்த அட்டையும் போயிருந்தால், அந்த வாசிப்பு வேறொருவர் பெயரில்தான் நிலைத்திருக்கும்.

தட்டு வாங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால், பலரும் ஒலியின் தரத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. சி.டி. ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகளை, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், இரண்டு தடங்களில் பதிகிறது. 128 கிலோபிட் எம்.பி.3 கோப்பில் அதன் தரவில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் சுருக்கம் செய்யப்படாத கோப்புகளும் இப்போது தரவிறக்கக் கிடைக்கின்றன, அவற்றுக்கும் சி.டி.க்கும் ஒலியில் வேறுபாடு இல்லை. எல்.பி.யிலோ மேற்பரப்பின் இரைச்சல் எப்போதும் உண்டு. முள் உட்பள்ளங்களை நெருங்க நெருங்க ஒலி சற்றே கலங்கவும் செய்யும். ஆகவே ஒலிக்காக மட்டும் எல்.பி. வாங்குங்கள் என்று நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய பதிப்பை ஒலிக்காகவும் நாடவேண்டிய ஓர் இடம் மட்டும் உண்டு. மறுபதிப்பு செய்கிறவர்கள், பேருந்திலும் சமையலறையிலும் கேட்பவருக்கும் பாட்டு தெளிவாகக் காதில் விழவேண்டும் என்று மெல்லிய ஒலிகளையெல்லாம் உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தம்புராவின் மேல் மெல்லத் தொடங்கும் ஆலாபனையும் உச்சத்தில் ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வையும் ஒரே அளவில் ஒலிக்கும்போது, பாடியவர் எண்ணிச் செய்த ஏற்ற இறக்கம் அழிந்துபோகிறது. செயலியில் பழைய கோப்பை நீக்கிப் புதியதை ஏற்றினால் கேட்பவருக்கு யாரும் அறிவிப்பதில்லை. அலமாரியில் இருக்கும் 1980களின் தட்டை யாராலும் அப்படி மாற்ற முடியாது.

ஆண்டு விஷயத்திலும் இதே சிக்கல்தான். 1950களின் திரைப்பாடல் ஒன்றுக்குச் செயலியில் 2000க்குப் பிந்தைய ஓர் ஆண்டு போடப்பட்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது தொகுப்பு வெளியான ஆண்டாகவோ கோப்பு ஏற்றப்பட்ட ஆண்டாகவோ இருக்கலாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஒரு பழைய பதிவை ஆவணக் காப்பகமோ ஆய்வாளரோ எண்ணிமமாக்கிப் (டிஜிட்டல் கோப்பாக்கி) பொதுவில் வைக்கலாமா என்பதற்கான முதல் கேள்வியே அது வெளியான ஆண்டு எது என்பதுதான். (பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை வேறு, அது படைத்தவரின் ஆயுளோடும் அதற்குப் பிந்தைய 60 ஆண்டுகளோடும் கணக்கிடப்படுகிறது.) அந்த ஆண்டை உறுதிசெய்ய, தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தையும் அதன் வரிசை எண்ணையும் விட நம்பகமான சான்று பெரும்பாலான பாடல்களுக்குக் கிடைப்பதில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும் என்பதால், நீண்ட பாடல்களை இரண்டு பக்கங்களுக்குப் பிரித்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பாடலைப் பணம் செலுத்தித் தரவிறக்கியபோது, எனக்கு முதல் பக்கம் மட்டுமே கிடைத்தது. பாட்டு அவ்வளவுதான் என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேரோ என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து ஓர் உறுப்பினர்

மேலே எழுதியவர் தட்டின் அட்டையைப் பற்றிச் சொன்னார். எங்கள் வீட்டில் எஞ்சியிருப்பவை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கசெற்றுகள். நகரத்து ‘ரெக்கோர்டிங் பார்’ ஒன்றில் பாடல்களின் பட்டியலை எழுதிக் கொடுத்துப் பதிவுசெய்வித்தவையும், ஈழத்துப் பாடகர்களே வெளியிட்டவையும் அவற்றில் உண்டு. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபின், பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாகிவிட்ட காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் வானொலியும் கசெற்றும் கேட்டோம். மிதிப்பவர் தளர்ந்தால் பாட்டும் தளரும். அப்படிக் கேட்ட பாடல்களில் சிலவற்றை நான் எந்தச் செயலியிலும் இன்றுவரை கண்டதில்லை. அவற்றைப் பாடியவர்களும் பதிந்த கூடங்களும் சிதறிப்போனபின், உரிமை யாருடையது என்று சொல்லவும் ஆளில்லாத நிலையில், அவற்றை யார் ஏற்றப்போகிறார்கள்?

எனவே இங்கே ஒரு வீட்டைக் காலிசெய்யும்போது பழைய கசெற்றுகள் விற்பனைக்கு வந்தால், உறையில் தமிழ் எழுத்தைக் கண்டாலே வாங்கிவிடுகிறேன். அவற்றைக் கேட்கும் நிலைக்குக் கொண்டுவருவது பொறுமை வேண்டிய வேலை. பெரும்பாலான பழைய கசெற்றுகளில் நாடாவைவிட முன்னதாகக் கெட்டுப்போவது, நாடாவை வாசிப்புத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டுதான். மெல்லிய செப்புத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் அது, பசை காய்ந்ததும் விழுந்துவிடும். அப்போது உச்ச ஒலிகள் போய், பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும். கேட்பவர் நாடாவே பழுதாகிவிட்டது என்று எண்ணி எறிந்துவிடுவார். கூட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, இரண்டு சுருள்களையும் குலையாமல் தூக்கி, நல்ல நிலையிலுள்ள வேறொரு கூட்டில் வைத்தால், பெரும்பாலும் குரல் மீண்டுவிடும். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய கூடுகளை மெல்லிய கத்தியால் விளிம்போடு பிளக்கவேண்டியிருக்கும்.

நான் இவற்றை எண்ணிமமாக்கியும் வைக்கிறேன். அதற்காக மூலக் கசெற்றைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. உறையின் உட்புறத்தில் யாரோ பென்சிலால் எழுதிய பாடகர் பெயரும் ஊரும் கோப்பில் ஏறுவதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்

எனக்கு இருபத்தைந்து வயதுதான் ஆகிறது. பழையவற்றின் நினைவு எனக்கு இல்லை. நான் வாங்குவது புதிய சி.டி.க்கள். மார்கழியில் சென்னைக்கு வரும்போது, கச்சேரி முடிந்ததும் சபாவின் வாயிலில் கலைஞரின் குடும்பத்தாரோ மாணவரோ வைத்திருக்கும் மேசையில் வாங்குவேன். செயலியில் ஒரு முறை கேட்டால் கலைஞருக்குச் சேருவது ஒரு ரூபாயின் மிகச் சிறிய பின்னம். மேசையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அவரிடமே சேர்கிறது. அந்தச் சி.டி.க்கு முதலிட்டவரும் பெரும்பாலும் அவரேதான். கணினியில் தட்டு செருகும் இடமே இல்லாததால் யு.எஸ்.பி. டிரைவ் ஒன்று தனியாக வாங்கிவைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு சுமார் 4.1 கோடி வைனைல் தட்டுகளும் 3.3 கோடி சி.டி.க்களும் விற்றன, 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அதுவே முதல் முறை. அங்கே தட்டு வாங்குபவர்களில் பாதிப் பேரிடம்தான் அதை ஒலிக்கச் செய்யும் கருவி இருக்கிறது என்று இசை விற்பனைத் தரவுகளைத் திரட்டும் லுமினேட் நிறுவனத்தின் ஆய்வு சொன்னபோது, பலர் அதை வெறும் ஆடம்பரம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்பதற்குச் செயலி இருக்க, தன்னை இவ்வளவு தூரம் தாங்கிய ஒரு கலைஞருக்குத் தன் கையால் பணம் கொடுக்க வேறு வழி கிடைக்காத ஒருவர் தட்டை வாங்குகிறார். அதில் குறை காண என்ன இருக்கிறது?

மந்தைவெளி உறுப்பினரின் மறுமொழி

ரொறன்ரோ நண்பர் எழுதியதைப் படித்ததும் ஒன்றை வலியுறுத்தத் தோன்றியது. வாங்கி வைப்பது மட்டும் போதாது. நம் ஊரின் ஈரக்காற்றில் வைக்கும் முறையும் முக்கியம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளைந்துவிடும், நிமிர்த்தித்தான் அடுக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு உறைக்குள் வெண்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருந்தால், முதலில் பழைய உள்ளுறையை அகற்றிவிடுங்கள். தட்டை மட்டும் கழுவி அதே உறையில் இட்டால் மறுபடியும் வந்துவிடும். வைனைல் தட்டைச் சில துளி சோப்புக்கரைசல் கலந்த காய்ச்சி வடித்த நீரால் பள்ளங்களின் வட்டத்தோடு துடைக்கலாம். நடுக்காகிதம் நனையக் கூடாது. 78 தட்டுகள் அரக்கினால் ஆனவை என்பதால், அவற்றின்மேல் ஆல்கஹால் கலந்த எதுவும் படக் கூடாது. பட்டால் மேற்பரப்பே கரைந்துபோகும்.

கோயம்புத்தூர் உறுப்பினரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாங்கும் சி.டி.க்களில் உள்ள சிறு கையேட்டைத் தனியே எடுத்து வைத்துவிடாதீர்கள். கச்சேரிப் பதிவு எனில், எந்த சபா, எந்தத் தேதி, பக்கவாத்தியம் யார் யார் என்பவை பெரும்பாலும் அதில்தான் அச்சாகியிருக்கும். இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து, இன்று நாம் நேரில் கேட்கும் இளம் வயலின் கலைஞரைப் பற்றி ஒரு மாணவர் கேட்கும்போது, அந்தக் கையேடு தேவைப்படும்.

என்னிடமுள்ள கர்நாடக இசை எல்.பி.க்களின் பின்னட்டைகளையும் நடுக்காகிதங்களையும் படமெடுத்து, பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்வரிசையில் ஒரு பட்டியல் தயாரித்து வருகிறேன். உங்களிடம் தட்டு இருந்தால், அட்டையின் இருபுறத்தையும், இரண்டு பக்க நடுக்காகிதங்களையும், கடைசிப் பள்ளத்துக்கும் காகிதத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் பொறித்துள்ள எண்ணையும் படமெடுத்து இங்கே இடுங்கள். அந்த எண்ணைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் படிக்க முடியும். கடம், மோர்சிங் வாசித்தவர்களின் பெயர்கள்தான் இப்போது பட்டியலில் மிகவும் குறைவாக உள்ளன. 1970க்கு முந்தைய தட்டுகள் வைத்திருப்பவர்கள் முதலில் அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.