லாவன்ஹாம் வீட்டுக் கைமரத்தில் கரி ஏன்?

திருமங்கலத்துக்காரன்:
மகள் இங்கிலாந்தில், சஃபோக் பக்கம் லாவன்ஹாமில் பழைய மரச்சட்ட வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். போன மாதம் போயிருந்தேன். மாடி தெருப்பக்கம் ஒன்றரை அடி துருத்தி நிற்கிறது. பேரன் தரையில் விட்ட கோலிக்குண்டு தானே உருண்டு மூலைக்குப் போகிறது. பரணில் ஏறினால் கைமரமெல்லாம் கரி. தீப்பிடித்த வீடோ? ராத்திரி தூக்கமே வரவில்லை.

பழைய கட்டடம்:
பயப்படாதீங்க சார், அங்கே நாலு வருஷம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலைதான் பார்த்தேன். அது அடுப்புப் புகையாகத்தான் இருக்கும். இடைக்காலத்தில் அந்த ஊர் வீடுகளில் புகைபோக்கி அபூர்வம். நடுக்கூடத்துத் தரையில் நெருப்பு; புகை கூரை வரை ஏறிக் கசியும். 16ஆம் நூற்றாண்டில்தான் புகைபோக்கி கட்டி, கூடத்துக்கு மேல் மாடி போடுவது பரவியது. சாய்வுக்குக் காரணம் ஓக் மரம். பச்சை மரத்தையே இழைத்துப் பூட்டுவார்கள். காயக் காய முறுக்கும், மூட்டும் இறுகும். சட்டத்தில் உளியால் கீறிய ரோமன் எண் இருக்கிறதா பாருங்கள். தரையில் கோத்துப் பார்த்துப் பிரித்த தச்சன் போட்ட அடையாளம் அது.

மேலூர் கொத்தனார்:
அண்ணே, வெளிச்சுவரில் சிமெண்ட் பூசியிருக்காங்களா? எங்க தாத்தா வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் நானே சிமெண்ட் பூசிக் கெடுத்தேன். ரெண்டே மழையில் உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

திருமங்கலத்துக்காரன்:
பின்சுவரில் சாம்பல் நிறப் பூச்சு இருக்கிறது. சிமெண்ட்தான் போல.

பழைய கட்டடம்:
அப்போ கவலைப்பட வேண்டியது அதுதான். குச்சிகளைப் பின்னிய தட்டி மேல் களிமண் அப்பிய சுவர் அது. ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓக் அடியிலிருந்து உளுத்துவிடும். வீட்டுக்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடென்றால், அனுமதி வாங்காமல் அவரும் கொத்த முடியாது.