உதவி: நண்பகலில் 84 பாகை, ஹொட்ஸ்பொட் 108. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு இது ஆபத்தா?

கேள்வி: பரந்தனிலிருந்து

வணக்கம். அப்பா கச்சான் விற்று வந்த பணத்தில், பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைக் கடந்த ஆண்டின் இறுதியில் வாங்கித் தந்தார். இன்னொரு தடவை வாங்கித் தருமாறு அவரிடம் கேட்க முடியாது என்பதால், அது கருகிப் போய்விடக்கூடாது என்ற பயத்திலேயே இதை எழுதுகிறேன்.

இரவில் நான்கு மணி நேரம் தொடர்ந்து விளையாடினால் கார்டின் வெப்பநிலை 76 பாகையில் நிற்கிறது. அதே விளையாட்டை அதே அமைப்பில் நண்பகலில் விளையாடினால் 84 வரை ஏறுகிறது. எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் ஹொட்ஸ்பொட் என்று ஒரு எண் தனியாக வருகிறது. அது இரவில் 100, பகலில் 108. விசிறிகள் இரண்டு வேளையும் முழு வேகத்தில் சுழல்கின்றன. பகலில் கடிகார வேகமும் (சிப் வேலை செய்யும் வேகம்) 1890 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1800 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

எங்கள் வீட்டுக் கூரை அஸ்பெஸ்ரஸ் சீற், சீலிங் இல்லை. சுவரில் தொங்கும் வெப்பமானி இரவில் 28, நண்பகலில் 36 காட்டுகிறது. கேசின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து மேசை விசிறியைத் திருப்பி விட்டால் நான்கைந்து பாகை குறைகிறது, ஆனால் வீட்டுக்கு முன்னால் கிரவல் வீதி என்பதால் ஒரு கிழமைக்குள் உள்ளே எல்லாம் சிவந்துவிடுகிறது. 84 என்பது பாதுகாப்பான அளவா?

பதில்: வவுனியா, கணினி திருத்துநர்

தம்பி, நீங்கள் அறையின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதியது மிகவும் நல்லது. பெரும்பாலானோர் அதை எழுதுவதில்லை. அது தெரியாமல் 84 நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு, அதன் சிப்பை வடிவமைத்த என்விடியா நிறுவனம் குறித்திருக்கும் உச்ச வெப்பநிலை 93 பாகை. அதற்கு முன்பே, பொதுவாக 83 பாகையை இலக்காக வைத்து, கார்ட் தானாகவே தன் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் பகலில் கண்ட வேகக் குறைவு அதுதான். ஆகவே 84 பாகையில் கார்ட் கருகிவிடாது.

இப்போது உங்கள் எண்களைக் கழித்துப் பாருங்கள். இரவில் அறை 28, கார்ட் 76, வித்தியாசம் 48. பகலில் அறை 36, கார்ட் 84, அப்போதும் 48. அறை ஏறிய எட்டுப் பாகையைத்தான் கார்டும் ஏறியிருக்கிறது. பகலில் கார்டுக்குப் புதிதாக ஒரு நோயும் வரவில்லை. குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு ஒருவர் தன் கார்ட் 68 என்று எழுதுவதைப் பார்த்து நாம் கலங்கத் தேவையில்லை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கூரைச் சீற்றின் கீழ் இருக்கும் கணினி அந்த வெக்கையிலிருந்துதான் தன் கணக்கைத் தொடங்குகிறது.

என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. கார்டின் வெப்பநிலைக்கும், சிப்பின் மிகச் சூடான இடத்தைக் காட்டும் ஹொட்ஸ்பொட்டுக்கும் இடையே உங்களுக்கு இரவிலும் பகலிலும் 24 பாகை வித்தியாசம் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள கார்டில் இது 10 முதல் 15 வரைதான் இருக்கும். 20ஐத் தாண்டினால் சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கி ஆற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள, வெப்பத்தைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்தோ, ஓரங்களுக்குத் தள்ளுண்டோ போயிருக்கிறது என்று நான் சந்தேகிப்பேன். பாவித்த கார்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது. கார்ட் சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் சிப் மிக நுண்ணிய அளவில் விரிந்து சுருங்குவதால், பேஸ்ட் நடுவிலிருந்து மெல்ல மெல்ல வெளியே பிதுங்கிவிடுகிறது. உங்கள் கார்டில் முந்தைய உரிமையாளர் எத்தனை மணி நேரம் விளையாடினாரோ, அதன் தேய்மானமும் இப்போது உங்களுடையதுதான்.

பதில்: மல்லாவி

பேஸ்ட் மாற்றுவதற்கு முன் தூசியை ஊதிப் பாருங்கள். எங்கள் ஊர் டயர்க் கடையில் கொம்பிரசரால் ஊதித் தருகிறார்கள். இரண்டு நிமிட வேலை.

பதில்: வவுனியா, கணினி திருத்துநர்

தூசி தட்டுவது சரி, ஆனால் டயர்க் கடைக் கொம்பிரசர் வேண்டாம். அதன் தொட்டியில் தேங்கும் நீரும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து வரும். அழுத்தமும் அளவுக்கு மிஞ்சியது. சிறிய கை ஊதியும் மென்மையான தூரிகையும் போதும். ஊதும்போது விசிறி இதழ்களை விரலால் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள். அவை கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் பழுதாகும்.

பதில்: புதுக்குடியிருப்பு

தம்பி, தூசி விடயத்தில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் வீடு வயலோரம். சிறுபோக அறுவடை முடிந்த பின் ஒருநாள் கார்டைக் கழற்றி, விசிறி மூடியையும் எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் விசிறி இதழ்கள் மட்டும் லேசாகச் சிவந்திருந்தன, அவ்வளவுதான். ஆனால் அதன் கீழே அலுமினியத் தகடுகளின் மேல்விளிம்பில் நெல்லின் சுணையும் செம்மண்ணும் சேர்ந்து சாக்குத் துண்டுபோல ஒரே படையாகப் படிந்திருந்தன. குண்டூசியால் ஒரு மூலையைக் கிளப்பினேன், முழுவதும் உரிந்து வந்தது. வெளியிலிருந்து எத்தனை தடவை ஊதியும் அது அசைந்திருக்கவில்லை. அன்று என் கார்டில் ஒன்பது பாகை குறைந்தது.

என்னுடையது ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700. அந்த வரிசை வெளிவந்த 2019இலேயே, ஹொட்ஸ்பொட் 110 பாகை வரை போவது வடிவமைப்பு எல்லைக்கு உட்பட்டதே என்று ஏஎம்டி நிறுவனம் சொல்லியிருந்தது. ஆனாலும் எல்லை வரை போகலாம் என்பதற்காக நாள்தோறும் எல்லையிலேயே நிறுத்தி வைத்திருக்க எனக்கு மனமில்லை. விளையாட்டில் கார்ட் வினாடிக்கு வரையும் படங்களின், அதாவது பிரேம்களின், எண்ணிக்கையை 60 ஆகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன். என் திரை 60 ஹேர்ட்ஸ்தான்; அதற்கு மேல் கார்ட் வரைந்து தள்ளுவதை என் கண் காணப் போவதில்லை, வெப்பம் மட்டும்தான் மிச்சம்.

கேட்டவர்: பரந்தனிலிருந்து

அண்ணா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென மின்சாரம் போய்விட்டால், விசிறி நின்று உள்ளே வெந்துவிடாதா? மேலும், பேஸ்ட்டை நானே மாற்றலாமா?

பதில்: வவுனியா, கணினி திருத்துநர்

மின்சாரம் போகும்போது விசிறி நிற்பது உண்மைதான். ஆனால் வெப்பத்தை உண்டாக்கும் சிப்பும் அதே கணத்தில் நின்றுவிடுகிறது. எஞ்சிய சூடு ஹீட்சிங்கில் பரவித் தானாக ஆறிவிடும். மின்வெட்டு கெடுப்பது பெரும்பாலும் சேமிப்பகத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகளைத்தான். யூபிஎஸ் வைப்பதென்றால் அதற்காக வையுங்கள்.

பேஸ்ட்டை நீங்களே மாற்றலாம், அவசரப்படாவிட்டால். விளையாடி முடித்துக் கணினியை அணைத்து, மின்வயரைக் கழற்றி, கார்ட் இளஞ்சூடாக இருக்கும்போது பிரித்தால் காய்ந்த பேஸ்ட் இளகியிருக்கும். ஹீட்சிங்கை நேராக இழுக்காமல் மெதுவாக இடம் வலமாக அசைத்து எடுங்கள். விசிறி வயர் உள்ளே கொழுவியிருக்கும், அதை மறந்து இழுத்துவிடாதீர்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மெமரி சிப்புகளின் மேல் இருக்கும், வெப்பம் கடத்தும் மெத்தைத் துண்டுகளான தேர்மல் பேட்கள் கிழியாமல் இருந்தால் தொடாதீர்கள். அவற்றின் தடிப்பு கார்டுக்குக் கார்ட் வேறுபடும். தடித்ததை வைத்துவிட்டால் ஹீட்சிங் சிப்பின் மேல் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும், பிறகு இப்போதுள்ளதைவிட மோசமாகிவிடும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கை நடுங்கும் என்றால் கொண்டு வாருங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகலாம்.

அதற்கு முன்னதாக இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்ட் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவு) 80 சதவீதமாகக் குறையுங்கள். 170 வாட் இழுக்கும் கார்ட் 136 வாட்டுக்கு மேல் போகாது. விளையாட்டில் ஒருசில பிரேம்கள்தான் குறையும்.

கேட்டவர்: பரந்தனிலிருந்து, ஒன்பது நாள்களின் பின்

பேஸ்ட் மாற்றினேன். பிரித்துப் பார்த்தபோது சிப்பின் நடுப்பகுதி கண்ணாடிபோல வெறுமையாகவும், பேஸ்ட் முழுவதும் நான்கு ஓரங்களிலும் சாம்பல் நிறக் கட்டியாகவும் இருந்தது. அக்கா சொன்ன செம்மண் படையும் இருந்தது, ஆனால் மெல்லியது. பேட்களைத் தொடவில்லை.

நேற்று நண்பகல் அறை 35 பாகை. பவர் லிமிட்டை மீண்டும் 100இல் வைத்து, பக்கத் தகட்டையும் மூடி, மூன்று மணி நேரம் விளையாடினேன். கார்ட் 77, ஹொட்ஸ்பொட் 90. கடிகார வேகம் 1890ஐ விட்டு அதிகம் இறங்கவில்லை. லிமிட்டை 80 ஆக்கியதும் கார்ட் 71க்கு வந்தது. இனி பகலில் அப்படியே வைத்திருக்கப் போகிறேன். அப்பா கூரைச் சீற்றின் மேல் கிடுகு பரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பதில்: வவுனியா, கணினி திருத்துநர்

வித்தியாசம் 24இலிருந்து 13 ஆகிவிட்டது. வேலை சரியாக நடந்திருக்கிறது. இந்த 13ஐ எங்காவது எழுதி வையுங்கள் தம்பி. சில பேஸ்ட்கள் ஓரிரு மாதங்களிலேயே மீண்டும் பிதுங்குவதுண்டு. மாதம் ஒருமுறை பார்த்து, 20ஐ நெருங்கினால் இதே இழையில் எழுதுங்கள்.