சேஞ்ச்-அப் கற்க ஆரம்பித்ததும் ஃபாஸ்ட்பாலும் போய்விட்டது: நிறுத்தவா, தொடரவா?

வாளி_அப்பா
டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது. பேஸ்பால் போன்ற, ஆனால் கையைச் சுற்றிக் கீழிருந்து பந்து வீசும் சாஃப்ட்பால் ஆடுகிறாள். இந்த சீசன்தான் 12 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஏறினாள். மூன்று வருடமாகச் சாயங்காலம் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அவள் பந்தைப் பிடிப்பது நான்தான். பிப்ரவரியில் பிட்சிங் (பந்துவீச்சு) கோச் சேஞ்ச்-அப் என்ற ஏமாற்றுப் பந்தைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஃபாஸ்ட்பாலுக்கு, அதாவது வழக்கமான வேகப்பந்துக்கு, சுற்றும் அதே வேகத்தில் கை சுற்ற வேண்டும், விடும் நேரத்தில் மட்டும் புறங்கை, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரைப் பார்க்க வேண்டும், பந்து மெதுவாகப் போகும். வீட்டில் பத்துக்கு ஆறு சரியாக விழுகிறது. மேட்சில் ஒன்று தரையில் குத்துகிறது, இல்லாவிட்டால் கேட்சர் தலைக்கு மேல் போகிறது. அதோடு நின்றாலும் பரவாயில்லை, அடுத்து வரும் ஃபாஸ்ட்பாலும் எங்கோ போகிறது. போன ஞாயிறு ஒரே இன்னிங்ஸில் ஐந்து வாக், அதாவது இவள் பந்துகள் தவறியதாலேயே ஐந்து பேட்டர்கள் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனார்கள். எந்தப் பந்து போட வேண்டும் என்று சிக்னல் தருவது டீம் கோச்; இனி அந்தப் பந்துக்கு சிக்னல் தரமாட்டேன் என்றுவிட்டார். காரில் வரும்போது, "அப்பா, பழைய பந்தும் மறந்துபோச்சு" என்றாள். என்ன செய்யலாம்?

மூன்றாம்_பேஸ்
நிறுத்துங்கள். எட்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன், அதனால் தயங்காமல் சொல்கிறேன். போன வருடம் அவள் 35 அடியிலிருந்து போட்டாள், இப்போது 40 அடி. பந்தின் சுற்றளவு 11 அங்குலமாக இருந்தது, இப்போது 12. அந்தச் சின்னக் கைக்கு ஒரு அங்குலம் என்பது பெரிய விஷயம். தூரமும் பந்தும் ஒரே நேரத்தில் மாறியிருக்கும்போது மூன்றாவதாக ஒரு புதுப் பந்தையும் சுமத்தினால் எந்தப் பிள்ளையும் தடுமாறும். முதலில் ஃபாஸ்ட்பால் 40 அடிக்குப் பழகட்டும். செப்டம்பரில் சேஞ்ச்-அப் ஆரம்பியுங்கள், குளிர்காலம் முழுக்க நேரம் இருக்கிறது.

ஓஹையோ_அம்மா
மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 40 அடிக்கு ஏறியதால்தான் சேஞ்ச்-அப் தேவைப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்து கையை விட்டபின் பேட்டரிடம் போக ஏறக்குறைய 34 அடி. மணிக்கு 50 மைல் வேகத்தில் அதற்கு 0.46 விநாடி, 40 மைலில் 0.58 விநாடி. இந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடியில்தான் பேட் முன்னாடியே சுழன்றுவிடுகிறது. ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் இரண்டாவது முறை பேட் செய்ய வரும்போது எல்லோரும் அடிப்பார்கள்.

நாங்கள் "செப்டம்பரில் பார்க்கலாம்" என்று தள்ளிவைத்தோம். அப்புறம் அது அடுத்த செப்டம்பர் ஆனது. 14 வயதில் ஆரம்பித்தபோது என் மகளுக்கு அந்தப் பந்தின்மேல் ஒரு பயமே வந்திருந்தது. 11 வயதில் தப்புப் பண்ணினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 14 வயதில் அது அவளுக்கு அவமானமாக இருந்தது.

மூன்றாம்_பேஸ்
கணக்கு சரிதான் அம்மா. ஆனால் ஐந்து வாக் என்றால் அந்தப் பந்துகளை அடிக்கவே யாரும் பேட்டை வீசவில்லை. பின்னால் நிற்கும் பிள்ளைகள் வெயிலில் சும்மா நிற்கிறார்கள், அதையும் அந்தக் குழந்தை பார்க்கிறாள்.

தோளையும் யோசியுங்கள். கீழிருந்து வீசுவதால் கை வலிக்காது என்று பல பெற்றோர் நம்புகிறார்கள். அது தவறு. கை சுற்றி வரும்போது தோள்மூட்டை வெளியே இழுக்கும் விசை சாதாரணமானதல்ல. தினமும் புதுப் பந்துக்கென்று ஐம்பது, அறுபது கூடுதலாகப் போட்டால் யார் எண்ணுகிறார்கள்? ஜப்பானின் யுகிகோ உவெனோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு நாளில் 413 பந்து போட்டுத் தங்கம் வாங்கிக்கொடுத்தார் என்று இங்கே யாரும் எழுத வேண்டாம். அப்போது அவருக்கு 26 வயது.

முன்னாள்_பிட்சர்
அங்கிள், ஆன்ட்டி, ஹைஸ்கூலில் நாலு வருடம் பிட்ச் செய்தவள் நான். இரண்டு பேரும் எப்போது போட வேண்டும் என்றே பேசுகிறீர்கள். ஏன் தவறுகிறது என்று யாரும் கேட்கவில்லையே. வாளி அங்கிள், பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்து, சேஞ்ச்-அப்புக்குக் கை மெதுவாகிறதா என்று மட்டும் பாருங்கள். மெதுவாகும் என்றுதான் நினைக்கிறேன். பந்து மெதுவாகப் போகவேண்டும் என்று மூளைக்குத் தெரிந்ததும் உடம்பும் மெதுவாகிவிடும். அடுத்த ஃபாஸ்ட்பாலுக்கும் அதே தயக்கத்தோடு கை வரும். பழைய பந்து எங்கும் போகவில்லை, அவள் மறக்கவும் இல்லை. ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் போகும் சரியான பந்து) விழ வேண்டுமே என்று கையைப் பிடித்துப் பிடித்து விடுகிறாள்.

எனக்கு உதவியது இதுதான். 15 அடியில் ஒரு வலை, பிளேட் (பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் இருக்கும் தகடு) கிடையாது, ஸ்ட்ரைக் கணக்கும் கிடையாது. முழு வேகத்தில் கை சுற்ற வேண்டும், பந்து எங்கே போனாலும் சரி. விட்டபின் கை தாழ்வாகவே முடிய வேண்டும். மணிக்கட்டை மேலே சுண்டினால்தான் பந்து கேட்சர் தலைக்கு மேல் போகும்.

இன்னொன்று, "பத்துக்கு ஆறு" என்றீர்களே, அந்தப் பத்தும் வரிசையாகப் போட்டவைதானே? மேட்சில் அப்படி வராது, இரண்டு ஃபாஸ்ட்பாலுக்கு நடுவே ஒன்று வரும். 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் செய்த சோதனையில், கையசைவுகளைக் கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது மோசமாகச் செய்தார்கள், ஆனால் பிறகு சோதித்தபோது அவர்களுக்குத்தான் நன்றாக நினைவிருந்தது. வீட்டிலும் கலந்து போடச் சொல்லுங்கள். பத்துக்கு மூன்றுதான் விழும். அந்த மூன்றை நம்பலாம்.

வாளி_அப்பா
வீடியோ எடுத்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. சேஞ்ச்-அப்புக்குக் கை மட்டுமல்ல, முன்னால் வைக்கும் காலடியும் குறுகுகிறது.

அதில் இன்னொன்றும் பார்த்தேன். ஒவ்வொரு பந்து தவறும்போதும் அவள் பந்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்க்கிறாள். நான் "ப்ச்" என்பது வீடியோவில் நன்றாகவே கேட்கிறது. இத்தனை நாள் எனக்கு அது தெரியாது. இரண்டு நாளாக மனசு சரியில்லை.

ஓஹையோ_அம்மா
அண்ணா, வருத்தப்படாதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதைக் கவனித்ததே போதும்.

மூன்றாம்_பேஸ்
கை மெதுவாவதுதான் காரணம் என்றால் அதைச் சரிசெய்ய முடியும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மேட்சில் எல்லை வேண்டும். தோற்றாலும் வெளியேற வேண்டியிராத சனிக்கிழமை பூல் மேட்சுகளில் மட்டும் போடட்டும். அதுவும் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்து ஒரு பாலும் (எல்லைக்கு வெளியே போன பந்து) இல்லாத நிலையில், மூன்றாம் பேஸில் எதிரணி ஆள் இல்லாதபோது; ஆள் இருந்தால் பந்து தவறியதும் ஓடி ரன் எடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோற்றால் வெளியேற வேண்டிய மேட்சுகளில் வேண்டாம். கூடுதல் பந்துகள் போடாமல், வழக்கமான எண்ணிக்கைக்குள் கலந்து போடட்டும்.

ஓஹையோ_அம்மா
ஞாயிறு வேண்டாம் என்றால், முக்கியமான நேரத்தில் அந்தப் பந்தை நம்பக்கூடாது என்றுதானே அவளுக்குப் புரியும்?

மூன்றாம்_பேஸ்
இப்போதைக்கு நம்பக்கூடாதுதான். அது உண்மை, குழந்தையிடம் உண்மையைச் சொல்லலாம்.

முன்னாள்_பிட்சர்
பிட்ச் செய்யப்போவது அவள். அவளிடம் கேட்டீர்களா, அங்கிள்?

வாளி_அப்பா
கேட்டேன். "எனக்கு அந்தப் பந்து பிடிக்கும்ப்பா, கோச்தான் தரமாட்டேங்குறார்" என்றாள். சரி, நீயே போய்க் கேள் என்றேன். வெள்ளிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் தனியாகப் போய், சனிக்கிழமை மட்டும் சிக்னல் தரமுடியுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் சரி என்றார்.

சனிக்கிழமை இரண்டு மேட்சில் ஏழு சேஞ்ச்-அப். மூன்று ஸ்ட்ரைக். இரண்டு தரையில் குத்தின, ஒன்று கேட்சரைத் தாண்டி ஓடியது, ஒன்றை நன்றாக அடித்துவிட்டார்கள். அந்த மூன்றில் ஒன்றுக்கு, பந்து பிளேட்டுக்கு வருமுன்பே பேட்டர் முழுதாகச் சுழன்றுவிட்டாள். என் மகள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, ஓடிப்போய்க் கேட்சரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஃபாஸ்ட்பால் அவ்வளவாகக் கலங்கவில்லை, இரண்டு மேட்சுக்கும் சேர்த்து மூன்று வாக். ஞாயிறு ஒரு சேஞ்ச்-அப்கூடப் போடவில்லை. கோச் சிக்னல் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

கராஜில் வலை கட்டிவிட்டேன். வாளியைப் பின்னால் தள்ளிப்போட்டிருக்கிறேன், அவள் கண்ணுக்கு என் முகம் படாத இடத்தில்.