க்ரியான்ஸாவுக்கு "மூப்பு" பொருந்தல, "வளர்ப்பு"ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஒயின் சொல்லுங்களைத் தமிழாக்கி அண்ணன் திங்கக்கிழமை போட்ட பட்டியல்ல, ஸ்பெயினோட ரியோஹா வட்டார ஒயின் பகுதிக்கு "மூப்பு ஒயின்", "முதுமூப்பு ஒயின்"னு இருந்துச்சு. உழைப்பு தெரியுது அண்ணா, ஆனா இந்த ரெண்டும் எனக்கு மனசு ஒப்பல, ஏன்னு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கங்க.

க்ரியான்ஸாங்கறது ஒயினைப் பீப்பாய்ல வெச்சுப் பக்குவப்படுத்தற வேலைக்கு ஸ்பெயின்ல சொல்ற பேரு, "க்ரியார்"ங்கற வினையில இருந்து வர்ற சொல்லு. ஸ்பெயின்ல பிள்ளை வளர்க்கறதுக்கும் ஆடுமாடு வளர்க்கறதுக்கும் அதே வினைதான். வயசுங்கற பொருளே அதுல கிடையாது. மூப்புன்னா அது தானா வர்றது, யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். பீப்பாய்க்குள்ள நடக்கறது அப்படியா? 225 லிட்டர் ஓக் பீப்பாய், மரத்தோட நுண்துளை வழியா காத்து துளித்துளியா உள்ள போகும், ஒயின் கொஞ்சம் ஆவியாகி மட்டம் இறங்கும், இறங்க இறங்க மேல ஊத்தி நிரப்பிட்டே இருக்கணும் இல்லேன்னா காடியாப் போயிடும், அடியில மண்டி தங்கும், அதைக் கலக்காம தெளிவை மட்டும் இறுத்து வேற பீப்பாய்க்கு மாத்தணும். ரியோஹாவுல ஆரோங்கற ஊர்ல 1877ல ஆரம்பிச்ச லோபெஸ் தே எரேதியாங்கற ஒயின் வீட்ல பீப்பாயையும் அவங்களே செய்யறாங்க, அவங்களோட தோந்தோனியா ரெசெர்வா ஒயின் அதுல 6 வருஷம் கிடக்கு, அத்தனை வருஷமும் ஆள் கை படுது. இது வளர்ப்பு இல்லாம வேற என்ன! பிரெஞ்சுலயும் இந்த வேலைக்கு வளர்ப்புங்கற பொருள்ல ஒரு சொல்லுதான் வெச்சிருக்காங்க.

ஒண்ணு மட்டும் பிரிச்சு வெச்சுக்கணும். லேபிள்ல வர்ற க்ரியான்ஸா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா மூணும் சட்டப் பேரு, ரியோஹா சிவப்பு ஒயின்ல முதலாவதை குறைஞ்சது 2 வருஷம் வெச்சிருந்துதான் விக்கணும், அடுத்ததுக்கு 3, கடைசிக்கு 5, அதுல பீப்பாய்க் காலம் முதல் ரெண்டுக்கும் 1 வருஷம், கிரான் ரெசெர்வாவுக்கு 2. இதையெல்லாம் தமிழாக்க வேண்டாம், ஒலிபெயர்ப்பே போதும். செய்யற வேலைக்குத்தான் நமக்கு சொல்லு வேணும்.

இப்ப பாட்டிலுக்கு வருவோம், என்னோட முக்கியமான ஆட்சேபணை இங்கதான். பட்டியல்ல பீப்பாய்க்கும் பாட்டிலுக்கும் ஒரே மூப்புதான் போட்டிருக்கு. ரெண்டும் நேரெதிர் வேலை. பீப்பாய்ல காத்தோட பழகுது, பாட்டில்ல கார்க் போட்டு அடைச்சாச்சு, காத்து அனேகமா இல்ல, யாரும் தொடறதும் இல்ல, இருட்டுல கார்க் நனைஞ்சிருக்கற மாதிரி படுக்கையா கிடந்து உள்ளுக்குள்ளயே மாறுது. இதுக்கு "பழுநல்"னு வைக்கலாம்னு கேக்கறேன். புறநானூறு 120ல கபிலர் பறம்பு நாட்டைப் பத்திச் சொல்றப்ப "நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்"ங்கறார். மண்ணுல புதைச்சு, தொடாம விட்டு, முதிர்ந்த கள்ளு. ஆரோவுல அதே லோபெஸ் தே எரேதியா வீட்ல பாறையைக் குடைஞ்ச அறைக்குள்ள பழைய பாட்டில் அடுக்கி வெச்சிருக்கற இடத்துக்கு அவங்க சொல்ற பேரு என்ன தெரியுமா, "கல்லறைத் தோட்டம்"! கார்க்கை அரிக்கற அந்துப்பூச்சியை சிலந்தி தின்னும்னு வலையைக்கூட கலைக்காம விட்டிருக்காங்க. புதைச்சுப் பழுனறதுக்கு இதைவிட என்ன வேணும்.

அக்கா சொன்ன "நாட்படு தேறல்" (நாள்பட்ட கள்ளு) ரொம்ப அழகான சொல்லு, ஔவையார் வாக்கு. ஆனா அது பானத்தோட பேரு, நமக்கு வேண்டியது செயலோட பேரு. பழைய ஒயினுக்குப் பொதுப் பேரா அதை வெச்சுக்கலாம், எனக்கு முழு சம்மதம். பழுநலும் பழுத்தலும் குழம்பும்னும் கேட்டிருந்தீங்க, திராட்சைக்குப் பழுத்தல், பாட்டிலுக்குப் பழுநல், நாலு தடவை எழுதினா பழகிடும்.

சுவைக் குறிப்புல டானினுக்கு "தோல்பதப்பொருள்"னு இருக்கு, தயவுசெஞ்சு எடுத்துடுங்க. பொருளுக்கு டானின், நாக்குல உணர்றதுக்கு துவர்ப்பு, நம்ம அறுசுவையிலயே இருக்கு. போன மாசம் நண்பர் வீட்ல 2011 ரெசெர்வா ஒண்ணு திறந்தோம், ஓரத்துல செங்கல் நிறம், முதல்ல தேங்காயும் லேசா சதகுப்பையும் மணந்துச்சு, அது அமெரிக்க ஓக் குடுக்கற வாசனை, அரை மணி கழிச்சு உலர்ந்த அத்தி, பதனிட்ட தோல், மழை பெஞ்ச மண்ணு. துவர்ப்பு பட்டு மாதிரி ஆயிருந்துச்சு, ஆனா புளிப்பு இன்னும் நிமிந்து நின்னுச்சு. டானின் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு கனத்து அடியில இறங்கினதால வந்த மென்மை அது, பாட்டில் அடியில பார்த்தா மண்டி. இதை எழுத துவர்ப்பு, மண்டி, பழுநல் மூணும் எனக்குப் போதுமா இருந்துச்சு.

பட்டியல்ல இருக்கற "சேமிப்புக் கிடங்கு"ங்கறதையும் நிலவறைன்னு மாத்திடலாம், ஏற்கனவே இருக்கற சொல்லுதானே.

மண்டி விட்டுத் தெளிவை மாத்தறதுக்கு மட்டும் எனக்கு முடிவாகல. "தெளிவிறுப்பு"ன்னு எழுதி வெச்சிருக்கேன், "தெளியிறுப்பு"தான் சரியோன்னும் தோணுது. சொல் புணர்ச்சி விதி நல்லாத் தெரிஞ்சவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா பட்டியல்ல ஏத்திடலாம்.